செலினாவின் தலைமாட்டில் ஒரு ஸ்பீக்கர்

சத்தத்துக்காக மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம், றம்ஸான் சார்.

தேநீரைக் கொண்டுவந்து வைத்தபோது, உங்கள் உம்மாவுக்கும் இப்படிக் குரலுக்குப் பதில் சொல்கிற ஸ்பீக்கர் ஒன்று வாங்கிக் கொடுக்கலாமா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டீர்கள். என்னைப் பேச வைப்பதற்காகக் கேட்டீர்களோ, உண்மையாகவே கேட்டீர்களோ, எனக்குத் தெரியாது. எப்படியானாலும் வயதான ஒரு தாயைப் பற்றிய கேள்வி. அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டிய மற்றதும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

ஆளைப் பார்த்து ஏமாறக் கூடாது. கவிழ்த்து வைத்த தேங்காய்ச் சிரட்டை அளவுதான் இருக்கும். ஆனால் ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய எங்கள் தோட்டத்து லயத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். ருவான்வெல்லைக்கு மேலே, ரப்பர் மலைக்கு நடுவில் இருக்கிறோம். கூரை தகரம். மழை பிடித்தால் பக்கத்தில் இருப்பவர் வாய் அசைவதுதான் தெரியும், பேச்சு கேட்காது. அந்த மழையிலும் இந்தப் பெட்டி பாடுவது லயத்தின் கடைசி அறை வரைக்கும் கேட்கும். வார்த்தை வார்த்தையாகக் கேட்கும்.

குரலால் இயக்குவது வேறு சங்கதி. அதற்குத் தமிழ் தெரியாது. என் மகள் சரோன் கேகாலையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள், கல்யாணமாகி அங்கேயே இருக்கிறாள். அவள்தான் அம்மாவுக்காக வாங்கிக்கொண்டு வந்தாள். என் மனைவி செலினாவுக்கு வாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. நாக்குக்கும் வலது கைக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனைப் பிடித்துக்கொண்டு எழுத்துத் தேட அவளால் முடியாது. அதனால் சரோன் பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும், "கால் சரோன்" என்று சொல்லவும் பழக்கினாள். சொன்னதும் பெட்டிக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் "ஓகே" என்றாள். அடுத்த நிமிடம் மகளின் குரல் வந்தது.

செலினா சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற விஜயகலாவைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"ஏய் விஜயகலா, எங்க ஆயி காலம் பூரா தொரைச்சாணிக்கு வேல செஞ்சா. இப்ப தொரைச்சாணி எனக்கு வேல செய்றா, பாத்தியா."

"பாத்துக்கா, பேரு போட்டு நாள்கூலி குடுக்கச் சொல்லிக் கேக்கப் போறா," என்று விஜயகலா அந்தப் பக்கமிருந்தே சொன்னாள். எங்கள் அறைகளுக்கு நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. இங்கே இருமினால் அங்கே தண்ணீர் கொண்டுவருவார்கள்.

அந்தப் பெண்ணைப் பற்றி நல்லதுதான் சொல்வேன். அவளும் புருஷன் கன்னையாவும் ரப்பர்ப் பால் வெட்டப் போகிறவர்கள். விடிவதற்குள் மலைக்குப் போவதற்கு முன்னால், எங்களுக்கும் சேர்த்து இலைக்கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து வைப்பாள். செலினா சுவரைத் தட்டினால் கையில் இருக்கிறதை அப்படியே போட்டுவிட்டு வருவாள். உலகம் இந்த மாதிரிச் சின்ன உதவிகளால்தான் நிற்கிறது. வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தில் நான் அடிக்கடி அதைத்தான் சொல்வேன். நான் ரப்பர் ஸ்டோரில் பால் நிறுத்து ஓய்ந்தவன். பெரிய படிப்பு இல்லை. ஆனாலும் ஜெபம் வேண்டுமென்றால் தோட்டத்தின் மூன்று டிவிஷன்களிலிருந்தும் என்னிடம்தான் வருவார்கள். ரெஜினோல்ட் அண்ணன் தன் பெண்சாதியைக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொள்கிறார் என்று கோயிலில் போதகரே எழுந்து சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மாதிரிப் பேச்சு எனக்குக் கூச்சம்.

எங்கள் லயத்தில் ஒரு பழக்கம் உண்டு. அதைச் சொன்னால்தான் பின்னால் நடந்தது உங்களுக்கு விளங்கும். எந்த வீட்டிலாவது சாமி கும்பிடும் சத்தமோ ஜெபச் சத்தமோ கேட்டால், அந்தக் கதவை யாரும் தட்ட மாட்டார்கள். அவசரமானாலும் முடியும்வரை வாசலில் நிற்பார்கள், இல்லாவிட்டால் சத்தமில்லாமல் திரும்பிப் போவார்கள். இந்து, கிறிஸ்தவம் என்று இதில் பேதம் கிடையாது. கன்னையா வீட்டில் பூசை நடந்தபோது, அவன் மாடு அவிழ்ந்து ஓடியதைக்கூட நான் போய்ச் சொல்லவில்லை. நானே பிடித்துக் கட்டிவிட்டு மணிச் சத்தம் நிற்கும்வரை காத்திருந்தேன். சுவர் முழுதாக இல்லாத இடத்தில் மனிதர்கள் இப்படித்தான் ஒருவருக்கொருவர் மரியாதை கொடுக்க முடியும்.

பெட்டி வந்து கொஞ்ச நாளில் ஒரு காலை. நான் வாசலில் செம்பருத்திப் பூ பறித்துக்கொண்டிருந்தேன். தினமும் செலினாவின் தலையணைப் பக்கத்தில் ஒரு பூ வைப்பேன். அப்போது உள்ளே அவள் மகளிடம் பேசுவது கேட்டது.

"என்னை வந்து கூட்டிட்டுப் போ சரோன். ஒங்கப்பாகிட்ட சொல்லாத, மனசு நோவும். முதுகு எரியுது புள்ள. இவரு பூ வைக்கிறாரு, ஜெபம் பண்றாரு, பெரட்டிப் போட மட்டும் மாட்டேங்குறாரு."

கோபப்பட்டேன் என்று எழுதாதீர்கள், சார். எனக்குக் கோபம் வராது. வருத்தம்தான் வந்தது. தொடக்கத்தில் ஒருமுறை வீட்டுக்கு வந்த நர்ஸ், அடிக்கடி பிரட்டிப் படுக்க வைக்கச் சொன்னது உண்மை. எனக்கு இடுப்பு வலி. விஜயகலா தான் செய்வதாகக் கேட்டாள். மனைவியின் உடம்பை அயலார் பார்ப்பது மரியாதை இல்லை என்று நான்தான் வேண்டாம் என்றேன். புண் சிறிதாகத்தான் தொடங்கியது. பிறகு எனக்கு அதைப் பார்க்கும் தைரியம் வரவில்லை. பார்க்காததால் துடைக்கவில்லை. வாடைக்குச் சாம்பிராணி போட்டேன்.

அன்றைக்குத்தான் பெட்டியின் மேலே இருக்கிற சின்னப் பொத்தானை அழுத்தினேன். உங்கள் உம்மாவுக்கு வாங்கினால் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அதை அழுத்தினால் பெட்டிக்குக் காது போய்விடும். சுற்றிவர ஒரு சிவப்பு வளையம் எரியும். போனிலிருந்து பாட்டுப் போட்டால் பாடும், ஆனால் நாம் பேசுவது எதுவும் அதற்குக் கேட்காது.

"இது என்னங்க செவப்பா எரியுது?" என்று செலினா கேட்டாள்.

"சரோன் அந்தப் பக்கம் கேட்டுக்கிட்டே இருக்காம்மா. இனி நீ கூப்பிடவே வேணாம். செவப்பு எரிஞ்சா அவ காதுல விழுதுன்னு அர்த்தம்," என்றேன்.

"பேச மாட்டேங்குறாளே?"

"கடையில நிக்கிறா இல்ல. பேச முடியாது. கேப்பா."

அவள் நம்பினாள். அன்றிலிருந்து அவள் அந்த வளையத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கினாள். கஞ்சியில் உப்புக் குறைவு என்பதிலிருந்து, பேரனுக்குச் சளி விட்டதா என்பது வரைக்கும் பேசினாள். நான் வெளியே பலகையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு தாயின் மனம் எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கட்டிலையும் சுவர் ஓரத்திலிருந்து நகர்த்தி ஜன்னல் பக்கம் போட்டேன். காற்று வரட்டும் என்று. அதன்பிறகு அவளுடைய கை சுவருக்கு எட்டவில்லை.

மகள் சும்மா இருக்கவில்லை. அம்மாவின் பேச்சு நின்றுவிட்டதே என்று என் போனுக்கு எடுத்தாள். நெட் சரியில்லை என்றேன். அம்மா தூங்குகிறாள் என்றேன். கடைசியில், "அப்பா, ஞாயித்துக்கெழம வேன் புடிச்சுட்டு வர்றோம். அம்மாவ இங்க கொண்டுவந்து ஆஸ்பத்திரியில காட்டணும். நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க," என்றாள்.

நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் போர்வையைத் தூக்குவார்கள். முதுகைப் பார்ப்பார்கள். போதகர் சொன்னது, டிவிஷன் பேசியது எல்லாம் பொய்யாகிவிடும். என் பெயருக்காகச் சொல்லவில்லை, சார். என்னைப் பார்த்து மனைவிமாரிடம் அன்பாக நடக்கத் தொடங்கிய ஆண்கள் எங்கள் தோட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களின் விசுவாசம் என்ன ஆகும்.

சனிக்கிழமை செலினாவுக்குக் காய்ச்சல் கொதித்தது. உடம்பு தூக்கிப் போட்டது. விடியலிலிருந்தே மழை. மழை நாளில் பால் வெட்டு இல்லை, அதனால் லயத்தில் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். செலினா மகளைக் கூப்பிட்டாள். வளையத்தைப் பார்த்து, "சரோன், முடியல புள்ள, வா," என்றாள். பிறகு சத்தமாகக் கூப்பிட்டாள். பிறகு விஜயகலாவைக் கூப்பிட்டாள்.

நான் போனில் ஜெபப் பாட்டுகளைப் போட்டேன். ஓயாமல் ஒன்றன்பின் ஒன்றாக வரும்படி வைத்தேன். சத்தத்தை முழுதாகக் கூட்டினேன்.

தொடக்கத்தில் சொன்னேனே, நல்ல சத்தம் என்று. ஒரு நடுக்கம் இல்லை, கரகரப்பு இல்லை. லயம் முழுவதும் கோயிலாகிவிட்டது. கன்னையா தன் வீட்டு டீவியைக்கூட நிறுத்திவிட்டான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். விஜயகலா தலையில் உரச்சாக்கைப் போட்டுக்கொண்டு கஞ்சிச் செம்போடு வந்தாள். பாட்டுச் சத்தத்தைக் கேட்டதும் செருப்பைக் கழற்றினாள். கொஞ்ச நேரம் நின்றாள். செம்பைப் படியில் வைத்து, மழை விழாமல் ஒரு தட்டால் மூடிவிட்டுப் போனாள். பகலும் வந்தாள். சோறு வைத்துவிட்டுப் போனாள். கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். திறந்திருந்தால் எட்டிப் பிடித்து வாங்கியிருக்கலாம். அவ்வளவு பக்கம்.

பின்னேரம் கரண்ட் போனது.

பாட்டு நின்றது. அந்தப் பெட்டிக்கு பேட்டரி கிடையாது, இதையும் உங்கள் உம்மா விஷயத்தில் யோசித்துக்கொள்ளுங்கள். மழை மட்டும் இருந்தது. நான் உடனே என் வாயால் பாடத் தொடங்கினேன். விட்ட வரியிலிருந்தே பாடினேன். வளையமும் அணைந்துவிட்டதை நான் கவனிக்கவில்லை. செலினா கவனித்தாள். அவள் வலது கையை நீட்டி, வயரைப் பிடித்து இழுத்து, பெட்டியைக் கையில் எடுத்தாள். அதால் கட்டிலின் இரும்புக் காலை அடிக்கத் தொடங்கினாள். அவளுக்கு அவ்வளவு பலம் மிச்சம் இருந்தது என்று நான் நினைக்கவில்லை.

நான் குரலை உயர்த்தினேன். ஒரு மனிதக் குரல் அவ்வளவுதான் போகும்.

விஜயகலா கதவைத் தட்டவில்லை. தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் கன்னையா வந்தான். வாடை அவர்களை நிறுத்தியது. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்தவில்லை, அதையும் சொல்ல வேண்டும். நேராகப் போய்ச் செலினாவின் கையிலிருந்த பெட்டியை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தாள்.

"என்னக்கா இது, என்னைக் கூப்பிட்டிருக்கலாமே," என்றாள்.

"காலையிலருந்து கூப்பிடுறேன்டி," என்றாள் செலினா. "ஒனக்குக் கேக்கல. சரோனுக்குக் கேட்டுச்சு. கேட்டுக்கிட்டேதான் இருந்தா. இப்ப செவப்பு அணைஞ்சுருச்சு. அவளுக்கும் இனிமே கேக்காது. அதான் தட்டினேன்."

விஜயகலா போர்வையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கன்னையாதான், "அண்ணே, நீங்க பாடுறத நிறுத்துங்க," என்றான். அப்போதுதான் நான் இன்னும் பாடிக்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

ஆம்புலன்ஸால் மேலே வர முடியவில்லை. பாதையில் மண் சரிந்திருந்தது. கன்னையாவும் நாலு பேரும் கட்டிலோடு தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார்கள். விஜயகலா கூடவே நடந்து குடை பிடித்தாள், தான் முழுதாக நனைந்துகொண்டு. வண்டிக்குள் நான் செலினாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் அவள் போய்விட்டாள்.

டாக்டர் என்ன எழுதியிருப்பார் என்று எனக்குத் தெரியும். புண் அழுகி இரத்தத்தில் ஏறிவிட்டது என்று எழுதியிருப்பார். அது சரிதான். காலையிலேயே கூட்டிப்போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று நீங்கள் கேட்கப் போகிறீர்கள். பிழைத்திருப்பாள் என்றுதான் அன்று காலையில் நானும் நினைத்தேன். அதனால்தான் பாட்டைப் போட்டேன். இதை அப்படியே வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் வண்டிக்குள் நடந்ததையும் எழுத வேண்டும். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாத்தையும் கேட்டும் எம்புள்ள ஏன் வரலங்க?" என்று கேட்டாள்.

அந்த நேரத்தில் அவளைக் கலங்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. "வேலை இருந்திருக்கும்மா. சின்னப் புள்ள, தெரியாம செஞ்சுட்டா. மன்னிச்சுரு," என்றேன். அவள் சரியென்று தலையை ஆட்டினாள்.

சரோன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்றீர்கள். என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறாளாம், பரவாயில்லை. நீங்கள் போய் ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவிடுங்கள், சார். அம்மா அவளை மன்னித்துவிட்டுத்தான் போனாள். பிள்ளைக்கு அது ஆறுதலாக இருக்கும்.