குலுக்கி விடுற மருந்து

— தாடைய இதுல வைங்க உத்திராபதி. நெத்தி நல்லா ஒட்டட்டும். லைட்டப் பாருங்க… மேல… கீழ. போன தடவை கண்ணாடி மாதிரி இருந்த கண்ணு, இப்ப என்ன புகை மூடுன மாதிரி இருக்கு? சொட்டு மருந்து விடுறீங்களா இல்லையா?

— வுடுறேன் டாக்டரம்மா. சாமி சத்தியமா வுடுறேன்.

— எத்தனை தடவை?

— நீங்க சொன்னபடிதான். நாலு தடவ.

— பாட்டில் எங்க?

— தீந்துபோச்சும்மா.

— போன திங்கக்கிழமைதானே வாங்குனீங்க? ஒரு கண்ணுக்கு ஒரு மாசம் வர்ற பாட்டில் எட்டு நாள்ல எப்படித் தீரும்?

— கை நடுக்கம்மா. பாதி கன்னத்துல போவுது.

— சும்மா சொல்லாதீங்க. பாருங்க, இது மாத்துக் கண்ணு. செத்துப்போன ஒருத்தரோட கருவிழிய எடுத்து, பதினாறு தையல் போட்டு உங்களுக்கு வச்சது. அந்த மருந்து இல்லன்னா உங்க உடம்பே இத வேத்தாளுன்னு வெளிய தள்ளிடும். தள்ள ஆரம்பிச்சிருச்சு. உண்மையச் சொன்னாத்தான் நான் எதாவது பண்ண முடியும்.

— கோவிச்சுக்கக் கூடாது.

— சொல்லுங்க.

— குடுத்துட்டேன்.

— எத?

— மருந்தத்தான். அறுப்பு நாளு பாருங்கம்மா. நெல்லு சொணை முள்ளு எவன் கண்ணுலதான் போவல? முன்னெல்லாம் தாய்ப்பால் பீச்சுவாங்க, நந்தியாவட்டப் பூவக் கசக்கி வுடுவாங்க. இப்ப எல்லாரும் நம்ம வூட்டுக்குத்தான் வர்றாங்க. ‘மாட்டுவால் அடிச்சு அவிஞ்ச கண்ணையே தொறந்த மருந்தாச்சே, எனக்கும் ரெண்டு சொட்டு வுடுப்பா’ன்னு நிக்கிறாங்க. எப்படி இல்லன்னு சொல்றது?

— எந்த மருந்து? அந்த வெள்ளையா இருக்கிறதா? குலுக்கி விடுறதா?

— அதேதாம்மா. நல்லாக் குலுக்கித்தான் வுட்டேன். சோப்புப் போட்டுக் கையக் கழுவிட்டுத்தான் தொட்டேன். நீங்க சொல்லிக் குடுத்ததுல ஒண்ணு கொறைக்கல.

— எவ்வளவு நாளா?

— தை பொறந்ததுலேர்ந்து. இது மூணாவது பாட்டில்.

— யார் யாருக்கு?

— அது ஆச்சு, பத்துப் பன்னண்டு பேரு. சின்னதுரைக்கு, மலர்கொடிக்கு, மேலத்தெரு வீரம்மாளுக்கு…

— வீரம்மாளா? அரும்பாவூர் வீரம்மாளா? வலது கண்ணா?

— ஒங்களுக்கு எப்படிம்மா தெரியும்?

— அய்யோ.

— ஏம்மா எந்திரிச்சிட்டீங்க? என்ன ஆச்சு?

— மூணு வாரமா மண்டைய ஒடச்சுக்கிட்டிருக்கேன் உத்திராபதி. உங்க பக்கத்துலேர்ந்து நாலு பேரு. நாலு பேருக்கும் கருவிழி கரைஞ்சு ஓட்டை. இவ்வளவு வேகமா எப்படிக் கரையுதுன்னு எனக்கு வெளங்கல. என்ன விட்டீங்கன்னு கேட்டா ஒருத்தரும் வாயத் திறக்கல. ‘நல்ல மனசோட ஒருத்தர் விட்டாரு, பேரு மட்டும் கேக்காதீங்க’ன்னு சொன்னாங்க வீரம்மா.

— நாந்தாம்மா சொல்ல வேணாம்னேன். தெரிஞ்சா நீங்க பாட்டில் எழுதித் தர மாட்டீங்கன்னு. ஆனா அவங்களுக்கெல்லாம் நல்லாப் போச்சே! ஒரே நாள்ல செவப்பு மறைஞ்சிடுச்சு. வலி போயிடுச்சு. வீரம்மா கையெடுத்துக் கும்புட்டு, ஒரு படி உளுந்து கொண்டாந்து வச்சிட்டுப் போச்சு.

— செவப்பு போகும். வலி போகும். அதான் அந்த மருந்தோட வேலை. உடம்பு சண்டை போடாம அடக்கி வைக்கும். உங்க கண்ணுல புண்ணு இல்ல, அதனால உங்களுக்கு நல்லது. சொணை குத்துன கண்ணுல காளான் கிருமி இருக்கு. அதுல இத விட்டா, காவக்காரனத் தூங்க வச்சிட்டுக் கதவத் திறந்து போட்ட மாதிரி.

— அப்ப வீரம்மாளுக்கு?

— போன வியாழக்கிழமை கண்ண எடுத்துட்டேன்.

— எடுத்துட்டீங்கன்னா?

— முழுசா. வேற வழி இல்ல.

— அது திருச்சிக்கு மக வூட்டுக்குப் போயிருக்குன்னுல்ல சொன்னாங்க.

— மாடியில ரெண்டாவது கட்டில்ல படுத்திருக்காங்க. உங்க மனசு நோகக் கூடாதுன்னு அப்படிச் சொல்லச் சொல்லியிருப்பாங்க.

— நான் வுட்ட சொட்டா? என் கையாலயா? நான் நல்லதுன்னுதானே… நீங்கதானேம்மா செய்யச் சொன்னீங்க!

— நானா?

— லப்பைக்குடிக்காட்டுக் கூட்டத்துல. என்னைய மேடையேத்தி, மாலை போட்டு, மைக்கப் புடிச்சுச் சொன்னீங்களே. ‘எனக்கு நன்றி வேணாம், இவரு நாலு பேருக்குப் பார்வை கெடைக்க வழி பண்ணட்டும், அதான் எனக்குக் கூலி’ன்னு. அன்னிக்கு அழுதுட்டேம்மா. அதுலேர்ந்து வாசல்ல வந்து நின்னவங்களத் திருப்பி அனுப்புனதில்ல. எனக்கு வுட்டுக்க இல்லாட்டியும் அவங்களுக்கு வுட்டேன்.

— செத்தப்புறம் கண்ணு குடுக்க ஆள் சேர்க்கச் சொன்னேன் உத்திராபதி. கண்தானத்துக்குக் கூட்டம் அது.

— எனக்கு அப்படி வெளங்கலையே.

— சரி, சரி, கண்ணத் தேய்க்காதீங்க, தையல் இருக்கு. இன்னிக்கே இங்க படுத்துக்கங்க. மணிக்கு ஒரு தடவை நர்ஸ் மருந்து விடுவாங்க. உங்க கண்ணக் காப்பாத்திடலாம்னுதான் நெனைக்கிறேன். இப்ப ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வீட்டுல மிச்சம் மருந்து இருக்கா?

— ஒரு சொட்டு இல்லம்மா.

— நல்லவேளை. அதோட போச்சு.

— போவலம்மா.

— என்ன போகல?

— நாளைக்கு எங்க பக்கம் பெரிய அறுப்பு. மருந்து பத்தாதேன்னு, போன திங்கக்கெழம பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல நீங்க எழுதிக் குடுத்த மருந்துச் சீட்ட அறுவது ஜெராக்ஸ் எடுத்து, அரும்பாவூரு, பூலாம்பாடின்னு வூடு வூடாக் குடுத்துட்டேன். மெடிக்கல்ல நீட்டுனா ஒரு வார்த்தை கேக்காம மருந்து தர்றாங்கம்மா. கீழ ஒங்க கையெழுத்து இருக்குல்ல.