குலுங்காத சாலை

டீ வேண்டாம் ஐயா. இந்த வயதில் வயிறு ஒத்துக்கொள்வதில்லை. கேட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ரோடு ரோலர் ஓட்டுகிறவன். படிப்பு கிடையாது. காண்டிராக்டர் என் மகளைக் கட்டியவர். முன்பெல்லாம் சாலையின் நீளத்தை அளந்து பணம் கொடுத்தார்கள். இப்போது அடியில் கருவி வைத்த ஒரு கார் வருகிறது. அது எங்கெல்லாம் குலுங்குகிறதோ அங்கெல்லாம் பணத்தை வெட்டுவார்கள். அதற்குக் குலுக்கல் வண்டி என்று பெயர் வைத்திருந்தோம். போன சாலையில் மாப்பிள்ளைக்குப் பாதிதான் வந்தது. இன்னொரு முறை குலுங்கினால் இனி வேலையே கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள். மகள் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். உருட்டியது நான்தானே.

குலுக்குவது சாக்கடை மூடிகள். எவ்வளவு பதமாக உருட்டினாலும் விளிம்பில் சக்கரம் ஏறி இறங்கும். அதனால் இந்த முறை மூடிகளின் மேலேயே தாரைப் போட்டு மறைத்துக்கொண்டு வந்தோம். கடைசி மூடி ஒன்றுதான் பாக்கி. மறுநாள் காலையில் குலுக்கல் வண்டி வருகிறது.

அப்போதுதான் சாக்கடை வேலைக்காரன் வந்தான். ஒல்லி ஆள், வாய் நீளம்.

"என்ன பெருசு, மூடியெல்லாம் முழுங்கிட்டியா? அடைச்சுக்கிட்டா நான் எது வழியா எறங்கறது, உன் வாய் வழியாவா?"

கூலியாட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"விட்டுடுப்பா. என் பொண்ணு பொழப்பு இதுல இருக்கு."

"எனக்கும் பொண்ணு இருக்கு பெருசு. சாயங்காலம் ஆபீஸ்ல சொல்லிடுவேன். எல்லாத்தையும் தோண்டட்டும்."

ஆட்கள் சாப்பிடப் போனார்கள். அவன் அந்தக் கடைசி மூடியைத் திறந்து, தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்க இறங்கினான். இப்படித் துடுக்காகப் பேசுகிறவன் சொன்னதைச் செய்யாமல் விடமாட்டான். எனக்கு மனிதர்களைத் தெரியும்.

மூடியைத் தள்ளி மூடினேன். ரோலரைக் கொண்டுபோய் அதன்மேல் நிறுத்தினேன். டீசல் வீண்தான், ஆனாலும் எஞ்சினை அணைக்கவில்லை. அதில் உட்கார்ந்தபடியே சாப்பிட்டேன்.

திரும்பி வந்தவர்கள், "அந்த வாயாடி எங்க?" என்றார்கள்.

"போயிட்டான். தார் ஆறிடப் போகுது, கொட்டுங்க."

ரோலரைப் பின்னால் எடுத்தேன். கொட்டினார்கள். உருட்டினேன். பொய் சொல்ல மாட்டேன் ஐயா, அவ்வளவு வழுவழுப்பாக என் கைக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

மறுநாள் குலுக்கல் வண்டி ஒரு இடத்திலும் குலுங்கவில்லை. மாப்பிள்ளைக்கு முழுப் பணம். மகள் போன் செய்து, "சாப்டியாப்பா?" என்று கேட்டாள்.

அவன் வேறு மூடி வழியாக ஏறிப் போயிருப்பான் என்றுதான் நினைத்தேன். மற்ற மூடிகளின் மேலும் நான்தான் உருட்டியிருந்தேன். அது அப்போது நினைவுக்கு வரவில்லை.

கீழேயிருந்து தட்டினானா என்கிறீர்கள். ரோலர் இரைச்சலில் எனக்கு எதுவும் கேட்கவில்லை ஐயா. சாப்பிட்டு முடித்ததும் எஞ்சினை ஒரு தடவை அணைத்துப் பார்த்தேன். அதற்குள் தட்டுவது நின்றுபோயிருந்தது.