றொய்சனின் முழங்கையும் முதலிடமும்

தரவரிசை எப்படி உருவாகிறது என்பது பலருக்குத் தெரியாது. அதை முதலில் விளக்கிவிடுகிறேன். இல்லாவிட்டால் விசாரணைக்குழுவினராகிய உங்களுக்கு மற்றது புரியாது.

கல்லூரி பேஸ்போல் பார்ப்பவர்கள் நாடு முழுவதும் சிலர் இருக்கிறோம். ஒவ்வொரு ஞாயிறும் பத்து அணிகளை வரிசைப்படுத்தி அனுப்புவோம். முதலிடத்துக்குப் பத்துப் புள்ளி, கடைசிக்கு ஒன்று. எல்லாவற்றையும் கூட்டினால் தேசியத் தரவரிசை. வாக்களிப்பவருக்குப் பரிசு கிடையாது. சரியாகச் சொன்னோம் என்ற பெயர் மட்டுமே. எல்லா ஆட்டங்களையும் ஒருவரால் பார்க்க முடியாது. ஆகவே மற்றவர்கள் போன வார வரிசையை எடுத்து, தோற்ற அணியை இறக்கிவிடுவார்கள். நான் பந்து எறிபவனின் கையைப் பார்ப்பேன்; வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் அதில்தான். ரூஜ் என்ற எங்கள் ஊரில் பிசியோதெரபி செய்பவனுக்கு அது வராதா?

இந்தப் பருவத்தில் ஒரு சிறிய கல்லூரிக்கு நான் மட்டும் முதலிடம் கொடுத்தேன். அங்கே எறிபவன் றொய்சன், பக்கத்து ஊரான விட்பியில் இருக்கும் என் அக்கா ஜோசப்பினின் மகன். இன்னொரு வாக்காளரான யூட்சன் கோயில் வாசலில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்: "அன்பு அண்ணை, மருமகனுக்கு முதலிடம் குடுத்திட்டியள். எங்கட பாடகர் குழுவுக்கும் ஒரு இடம் பாத்துப் போடுங்கோவன்."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போன ஆண்டுச் சாம்பியனுடன் ஆட்டம் சனிக்கிழமை. வெள்ளி பின்னேரம் றொய்சன் கிளினிக்குக்கு வந்தான்.

"மாமா, உள்பக்கம் சுள்ளெண்டுது. சின்ன விரல் விறைக்குது. நீங்கள் வேண்டாமெண்டா நான் எறியேல்ல."

முழங்கையைச் சற்று மடித்து வெளிப்புறமாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். நல்ல முழங்கை ஓரிடத்தில் நின்றுவிடும். உள்ளே எலும்புகளைப் பிணைக்கும் ஒரு நார் அதை இழுத்துப் பிடித்திருக்கிறது. கயிறு போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுடையது நிற்கவில்லை. கயிற்றில் ஒரு இழைதான் மிச்சம். வேகமாக எறிந்தால் அதுவும் போகும், பக்கத்து நரம்பையும் கொண்டு போகும்.

"தசைப்பிடிப்புத்தான்," என்றேன். "எறி."

இரவு அக்கா அழைத்தாள். "தம்பி, பயமில்லையோ?"

"ஓம் அக்கா, நான்தானே பாத்தனான்."

அவன் கடைசிவரை எறிந்தான், வென்றான். ஆட்டம் முடிந்தபோது தண்ணீர்ப் போத்தலை அவனால் பிடிக்க முடியவில்லை. இப்போது சட்டைப் பொத்தானை அக்காதான் போட்டுவிடுகிறாள். சத்திரசிகிச்சைக்குப் பிறகும் அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். நான் அதை வெள்ளிக்கிழமையே அறிந்திருந்தேன்.

வருந்துகிறேனா என்று கேட்டீர்கள். இல்லை. அவன் ஓய்வெடுத்திருந்தால் அணி தோற்றிருக்கும். அது சிறந்த அணி என்பது எவருக்கும் தெரியாமல் போயிருக்கும். என் உரிமத்தைப் பறியுங்கள். என் கணிப்பு சரி.

அந்த ஞாயிறு எல்லோரும், யூட்சன்கூட, அந்த அணிக்கு முதலிடம் கொடுத்தார்கள். நான் மட்டும் ஏழாவது இடத்துக்கு இறக்கினேன். அந்தக் கை இனி எறியாது என்பது அன்று எனக்கு மட்டுமே தெரியும்; தெரிந்ததை மறைத்து வாக்களிப்பது என் மனச்சாட்சிக்குச் சரிவராது.