நண்டுக் கம்பெனி சர்வர்

பகல் இரண்டு மணி. நட்டநடு வெயில்... அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொண்டிக்குத் தெற்கே, கருவேலங்காட்டுக்குள் கடலைப் பார்த்துப் போகும் ஒற்றைச் சாலை. ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. அதில் ஸ்கூட்டியில் தனியாகப் போனவள் சுலைகா, என் தோழி மின்ஹாவின் சின்னம்மா மகள். இணையதளம் போட்டுக் கொடுப்பது அவள் வேலை.

போன இடம் ஒரு நண்டுக் கம்பெனி. நண்டை அவித்து, ஓட்டை உடைத்து, சதையை டப்பாவில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். அன்று விடுமுறை. முதலாளி சின்னச்சாமி மட்டும் இருந்தார். கடலில் நிற்கும் படகுகள் பிடித்ததை உடனே பதிவுசெய்ய ஒரு ஜாவாஸ்கிரிப்ட் அப்ளிகேஷன் வேண்டும். எழுதிய பையன் பாதியில் போய்விட்டான், ஏற்றி ஓடவிட்டால் போதும் என்றார்.

சர்வரை நிர்வகிக்கும் ஹோஸ்டிங் பேனலைத் திறந்தாள். நேற்று வாங்கிய புது சர்வர். ஆனால் அப்ளிகேஷன் பட்டியலில் ஏற்கெனவே ஒன்று... ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினாள். மறுபடி ஓடியது. அதன் ஃபோல்டரில் ஒரு வரி நிரல்கூட இல்லை. ஒரே ஒரு லாக் ஃபைல்தான் இருந்தது. அப்ளிகேஷன் தான் செய்வதை வரிவரியாக எழுதிவைக்கும் கோப்பு.

அப்போதுதான் அந்த நாற்றம். இனிப்பாக... தொண்டையில் எண்ணெய் மாதிரிப் படிந்தது. எச்சில் விழுங்கப் பயந்துகொண்டே கோப்பைத் திறந்தாள்.

இமை போச்சு.
கண்ணு போச்சு.
உதடு போச்சு.

எங்கோ நண்டோடுகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம். கரக்... கரக்... அவள் பார்க்கப் பார்க்க அடுத்த வரி விழுந்தது. காது பாதி.

சின்னச்சாமியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் வாசித்தார். பிறகு சொன்னார். எழுதிய பையன் பெயர் முஸ்அப். கடலுக்குள் சிக்னல் கிடைக்கிறதா என்று பார்க்கப் படகில் போனவன், தவறி விழுந்தான். எட்டாம் நாள் வலையில் வந்தான்.

"மூஞ்சி பூராம் நண்டு மொய்ச்சிருந்துச்சும்மா. பிச்சு எடுத்துட்டுத்தான் அவுக வீட்ல ஒப்படைச்சோம்."

"அந்த நண்ட என்னண்ணே செஞ்சீக?"

அவர் அவிக்கும் அண்டாவைப் பார்த்தார்.

"ஒரு கூடை இருந்துச்சு... வீணாக்க மனசு வரல."

சுலைகா அங்கேயே வாந்தியெடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, அந்த அப்ளிகேஷனை அழிக்கும் பொத்தானை அழுத்தினாள். நிச்சயமாகவா என்று பேனல் கேட்டது. ஆம் என்றாள். பட்டியல் காலியானது. முஸ்அப்பின் உம்மாவிடம் போய் இதைச் சொல்லுங்கள் என்றாள். அது எதுக்கும்மா இப்ப என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் வேலையே வேண்டாமென்று வண்டியை எடுத்தாள்.

வீட்டில் மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்தாள். துண்டில் கையைத் துடைக்கும்போதுதான் பார்த்தாள்... மவுஸை அழுத்திய விரல். நுனிச்சதையைக் காணோம். வலியில்லை, ஒரு சொட்டு இரத்தமில்லை. நாள்கணக்கில் உப்புத்தண்ணீரில் ஊறியதுபோல வெளுத்து... விளிம்பெல்லாம் சின்னச் சின்னக் கடி.