முதலில் எர்த், கடைசியில் கம்ப்யூட்டர்

பழைய காரில் கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் பானெட்டைத் திறப்பார்கள். அது அங்கே இருக்காது. டிரைவருக்குப் பக்கத்தில் உட்காருகிறவர் கால் நீட்டும் இடத்துக்கு மேலே, ஒரு தகரப் பெட்டிக்குள் இருக்கும். டிபன் பாக்ஸ் அளவுதான். இன்ஸ்பெக்டர் சார், நீங்களே அதை பிளாஸ்டிக் பையில் போட்டு மேஜைமேல் வைத்திருப்பதால் அதைப் பற்றி நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

எழுதுகிறவர் மெதுவாகவே எழுதட்டும். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை. ஃபேனை மட்டும் ஒரு புள்ளி குறைத்தால் அவர் காகிதத்தை முழங்கையால் அமுக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

நீங்கள் என்னைக் கூப்பிட்டது ஒரு கையெழுத்துக்காக. இறந்தவர் என் அத்தான், அக்காவின் கணவர் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் இந்த ஊரில் பழைய கார்களின் இன்ஜின் கம்ப்யூட்டரைப் பார்க்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்பதால், வாகன ஆய்வாளரின் அறிக்கைக்குக் கீழே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று நான் எழுதிக் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்றீர்கள். அறிக்கையைப் படித்தேன். ஒரே பக்கத்தில் ஏழு 'மேற்படி'. அவ்வளவு படி ஏறியும் மனிதர் தப்பான மாடிக்குப் போயிருக்கிறார். பேட்டரியின் எர்த் ஒயர் போல்ட் தளர்ந்திருந்ததாம், அதனால் ஓட்டத்தில் இன்ஜின் நின்றதாம், ஆகவே அந்த போல்ட்டைக் கடைசியாக முடுக்கிய பேட்டரிக்கடைக்காரர் குற்றவாளியாம். முன்பக்கம் முழுக்க நசுங்கி பேட்டரியே ஒரு பக்கமாகத் தொங்குகிறது. அந்த நிலையில் போல்ட் இறுக்கமாக இருந்தால்தான் ஆச்சரியம்.

கையெழுத்துப் போட்டிருந்தால் இந்நேரம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பேன். பேட்டரிக்கடைக்காரர் கம்பி எண்ணிக்கொண்டிருப்பார். எனக்கு மனசு வரவில்லை. தப்பான டயக்னோசிஸுக்குக் கீழே என் கையெழுத்து விழுந்ததே இல்லை. அது ஏன் தப்பு என்று சொல்லத் தொடங்கினால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கும். பரவாயில்லை, சொல்கிறேன்.

என்னை எல்லோரும் டாக்டர் என்பார்கள். நானாக வைத்துக்கொண்டதில்லை. போர்டில் எழுதியது மட்டும்தான் நான். இந்தத் தொழிலில் கொஞ்சம் நிதானம் வேண்டும். இன்றைய கார் என்றால் மெஷினைச் செருகினால் அது தமிழில்கூடச் சொல்லிவிடும். இருபத்தைந்து முப்பது வருஷத்துக் கார் அப்படியில்லை. டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு சாக்கெட்டில் இரண்டு ஓட்டைகளைத் துண்டு ஒயரால் இணைக்க வேண்டும். மீட்டரில் இன்ஜின் விளக்கு மினுக்கும். நீளமாக இரண்டு, குட்டையாக ஒன்று என்றால் இருபத்தொன்று. எந்த எண்ணுக்கு எந்தக் கோளாறு என்பது என் தலைக்குள் இருக்கிறது. நான் எண்ணும்போது பட்டறையில் ரேடியோவை நிறுத்திவிடுவார்கள். வாடிக்கையாளர்கள் மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார்கள். நான் கேட்டுக்கொண்டதில்லை, அவர்களாகச் செய்வது.

அத்தானின் காருக்கு இருபத்தெட்டு வயது. ரிட்டயர்டான தலைமையாசிரியர் அவர். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும் குரல். காரையும் மாணவனைப் போலத்தான் நடத்துவார். அதட்டினால் ஓடும் என்று நம்புகிறவர். அது திடீர் திடீரென்று நிற்க ஆரம்பித்ததும் என்னிடம் கொண்டுவந்தார். ஒயரைப் போட்டு எண்ணினேன். விளக்கு கன்னாபின்னா என்று மினுக்கியது. பதினான்கு, அப்புறம் ஐம்பத்திரண்டு, அப்புறம் எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஓர் எண். நான் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "கம்ப்யூட்டர் போயிடுச்சு அத்தான். மாத்தணும்," என்றேன்.

விளக்கு இப்படி உளறினால் முதலில் பார்க்க வேண்டியது எர்த். பேட்டரியிலிருந்து காரின் உடம்புக்குப் போகும் கறுப்பு ஒயர். அது சரியாகப் பிடிக்கவில்லை என்றால் நல்ல கம்ப்யூட்டரும் ஜுரம் வந்தவனைப் போலப் பிதற்றும். இது எனக்குத் தெரியாதது இல்லை. பட்டறைச் சுவரில் என் கையாலேயே சிவப்பு பெயின்ட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: முதலில் எர்த், கடைசியில் கம்ப்யூட்டர். அன்றைக்கு நான் குனிந்து பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை என்று பட்டது. என் அளவுக்கு அனுபவம் இருந்தால் அப்படிப் படும்.

பழைய பெட்டி ஒன்று தேடிப் பிடிக்க ஒரு வாரம் ஆகும் என்றேன். மூன்றாம் நாள் கார் பேட்டரிக்கடை வாசலில் நின்றுவிட்டது. கடைக்காரர் வெளியே வந்து, கறுப்பு ஒயரைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, ஒரு போல்ட்டை முடுக்கினார். கார் கிளம்பியது. பிறகு நிற்கவே இல்லை. அந்த மனிதருக்குக் கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது, சார். பானெட்டைத் திறக்கிற ஒன்பது பேரில் அவரும் ஒருவர்.

அத்தானின் எழுபதாவது பிறந்தநாளுக்கு அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. இருபது பேர் இருந்தோம். பரிமாறி முடிவதற்குள் அத்தான் தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் கேளுங்க. ஒருத்தன் செருப்பு வார் அறுந்துபோச்சுன்னு போனான். நம்ம டாக்டர் நாடி பிடிச்சுப் பார்த்துட்டு, மூளையை மாத்தணும்னுட்டார்."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"அதோட விட்டாரா? பட்டறைச் சுவர்ல என்ன எழுதி வச்சிருக்கார் தெரியுமா? முதலில் எர்த், கடைசியில் கம்ப்யூட்டர். சொந்தக் கையெழுத்து. என்ன மச்சான், அந்தச் சுவர் வாடகைச் சுவரா? உன்னுது இல்லையா?"

"போதும் விடுங்க. பாவம் அவன்," என்றாள் அக்கா. சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அவளும் சிரித்தாள். தோள் குலுங்கியது.

அத்தான் சிரித்ததில் எனக்கு வருத்தமில்லை. அவர் யாரைப் பார்த்தும் சிரிப்பார். அக்கா என்னைத் தூக்கி வளர்த்தவள். அவள் 'பாவம்' என்றதுதான் கொஞ்சம் அதிகப்படி. அந்த வாரமே டயர் கடையில் என்னை மூளை டாக்டர் என்று கூப்பிட்டார்கள். அடுத்த வாரம் ஒரு வாடிக்கையாளர், நான் எண்ணிக்கொண்டிருக்கும்போதே, "எர்த் பாத்துட்டீங்களா?" என்றார். ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு வாரம் கழித்து அத்தானே காரை எடுத்துக்கொண்டு வந்தார்.

"என்ன மச்சான், இன்னும் கோபமா? ஆயில் மாத்தணும். உன்னை விட்டா நான் யார்கிட்ட போவேன்?"

"எனக்கு என்ன கோபம் அத்தான். ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க."

இந்த இடத்தில் எழுதுகிறவர் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் பொதுவாக இதைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள். நான் அந்தக் காரில் புதிதாக எதையும் வைக்கவில்லை. எதையும் எடுக்கவுமில்லை. பெட்டியைத் திறந்து, உள்ளே சர்க்யூட் பலகையில் ஓரிடத்தில் ஈயம் வைத்து ஒட்டிய பற்றை லேசாக இளக்கினேன். இன்னும் நாலைந்து வருஷத்தில் அது தானாகவே இளகியிருக்கும். இந்த வயதுப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் வருவதுதான். சூடானால் விட்டுப்போகும், இன்ஜின் நிற்கும். ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும், ஒன்றுமே நடக்காதது போல ஓடும். நான் சொன்ன கோளாறு அந்தக் காருக்கு எப்படியும் வரவேண்டியது. நான் தேதியைத்தான் கொஞ்சம் முன்னால் நகர்த்தினேன்.

சோதித்தும் பார்த்தேன். சோதிக்காமல் வண்டியை வெளியே விடுகிற வழக்கம் என் பட்டறையில் இல்லை. என் மனைவி தலைமுடி காயவைக்கும் மெஷினைக் கொண்டுவந்து, பெட்டியைச் சூடாக்கிக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஓட்டத்தில் எவ்வளவு நேரத்தில் அவ்வளவு சூடு ஏறும் என்று கணக்குப் போட்டால் பன்னிரண்டு நிமிடம் வந்தது. அது சரிப்படாது. அத்தான் வீட்டிலிருந்து பன்னிரண்டு நிமிடம் என்றால் பேட்டரிக்கடை பக்கம்தான். அங்கே நின்றால் கடைக்காரர் மறுபடி வெளியே வருவார், மறுபடி ஒயரைத் தேய்ப்பார், அதற்குள் பெட்டி ஆறியிருக்கும், கார் கிளம்பும். அவருக்கு மாலை போடுவார்கள். ஆகவே திரும்பத் திறந்து, பற்றைக் கொஞ்சம் பலப்படுத்தினேன். மூன்று தடவை ஆயிற்று. கடைசியில் நாற்பது நிமிடத்துக்குக் கொண்டுவந்தேன்.

அத்தான் வீட்டிலிருந்து நாற்பது நிமிடம் தொடர்ந்து காரை ஓட்ட ஒரே ஒரு பாதைதான் உண்டு. அவர்கள் மகள் வீட்டுக்குப் போகும் நெடுஞ்சாலை. கடை கண்ணி எதுவும் இல்லாத இடம். நின்றால் எனக்குத்தான் போன் வரும். அதுதான் திட்டம். அதற்கு மேல் நான் எதுவும் நினைக்கவில்லை. அந்தச் சாலையில் லாரிகள் போகும் என்பது எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

ஆயில் மாற்றிக் கொடுத்தேன். பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. சந்தை, வங்கி, ஆஸ்பத்திரி எல்லாம் பத்து நிமிட ஓட்டம். கார் பெருமையாக ஓடியது. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அக்கா போன் செய்தாள்.

"டேய், பொண்ணைப் பார்க்கக் கிளம்புறோம். மாத்திரை எல்லாம் எடுத்துக்கிட்டேன். ஞாயித்துக்கிழமைதான் வருவோம். வண்டி தாங்குமாடா?"

கேட்டாள், சார். நேராகவே கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அத்தான் போனை வாங்கிவிட்டார்.

"என்ன டாக்டர், எங்க வண்டிக்கு மூளை இருக்கா இல்லையா? இல்லேன்னா சொல்லிடு, நான் என் மூளையில ஓட்டிக்கிறேன்."

பின்னால் அக்கா சிரித்தது கேட்டது.

"பார்த்துப் போங்க அத்தான்," என்றேன்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். பார்த்துப் போங்க என்று நான் எச்சரித்திருக்கிறேன். அதற்கு மேல் ஒரு பெரிய மனிதருக்குப் புத்தி சொல்ல நான் யார்?

பத்து மணிக்குக் கிளம்பியிருப்பார்கள். நான் வேறு வேலை எதையும் எடுக்கவில்லை. போனை மேஜைமேல் மல்லாத்தி வைத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்துக்கு எதிரில் உட்கார்ந்தேன். பத்து இருபது. பத்து இருபத்தைந்து. ஒரு தடவை போனை எடுத்து அக்கா நம்பரைத் தேடினேன். இப்போது கூப்பிட்டு என்ன சொல்வது? வண்டியை ஓரம் கட்டச் சொன்னால் ஏன் என்பார்கள். காரணம் சொன்னால், அடுத்த பிறந்தநாளுக்கு வேறொரு கதை வந்துவிடும். போனைக் கீழே வைத்தேன். வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டேன். "பதறாதீங்க அத்தான். அரை மணி ஆறவிடுங்க, தானா கிளம்பும். நான்தான் அன்னிக்கே சொன்னேனே." இதைச் சாதாரணமாகச் சொல்ல வேண்டும், குத்திக்காட்டுவது போல இருக்கக் கூடாது என்று நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தேன். கடைசியில் குரல் நன்றாகவே அமைந்தது.

பத்து நாற்பது. பத்து நாற்பத்தைந்து. போன் வரவில்லை. கணக்குத் தப்பிவிட்டதோ என்று அப்போதுதான் எனக்கு வியர்த்தது.

பதினொன்று இருபதுக்கு வந்தது. தெரியாத நம்பர். யாரோ ஒரு லாரிக்காரர். முன்னால் போன லாரியை முந்துவதற்காக அத்தான் வலது பக்கம் ஏறியிருக்கிறார். பாதி தாண்டும்போது கார் வலுவிழந்துவிட்டது. எதிரில் இன்னொரு லாரி. எத்தனை மணிக்கு என்று கேட்டேன். பத்து நாற்பத்திரண்டு இருக்கும் என்றார். இரண்டு நிமிட வித்தியாசம்தான். வெயிலைப் பொறுத்து அவ்வளவு வரும்.

அக்கா பிழைத்துக்கொண்டாள். இடுப்பெலும்பும் இரண்டு விலாவும் போயிற்று. நான்காம் நாள் கண்ணைத் திறந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். உதடு காய்ந்திருந்தது. பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டேன்.

"நீ அன்னிக்கே சொன்னியேடா," என்றாள். "கம்ப்யூட்டர்னு. நாங்கதான் கேக்கலை. உன்னை வச்சு சிரிச்சோம்."

அழுதாள். நானும் அழுதேன். உங்களிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை, சார், அந்தப் பிறந்தநாள் சாப்பாட்டுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அத்தோடு முடிந்திருக்கும். உங்கள் ஆய்வாளர் மட்டும் அந்த போல்ட்டைப் பிடித்துக்கொண்டு தொங்காமல் இருந்திருந்தால். பேட்டரிக்கடைக்காரரை நீங்கள் ஜீப்பில் ஏற்றியபோது அவர் மனைவி தெருவில் நின்று கத்தினாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்காக நான் வாயைத் திறக்கவில்லை, அப்படிச் சொன்னால் பொய். அந்த அறிக்கை நாளை கோர்ட்டில் படிக்கப்படும். காரில் இருந்தது எர்த் கோளாறு என்று ஊரே கேட்கும். அக்காவுக்கும் யாராவது போய்ச் சொல்வார்கள். அவள் மறுபடி 'பாவம் அவன்' என்பாள்.

ஆகவே அந்தப் பையைப் பிரியுங்கள். மூடியில் நான்கு திருகு. பலகையின் இடது மூலையில் ஒரு பற்று மட்டும் மற்றவற்றைவிடப் பளபளப்பாக இருக்கும். அது என் கைவேலை. லென்ஸ் வைத்துப் பாருங்கள், சுத்தமான வேலை. அத்தான் செத்ததும் அக்கா படுத்ததும் அதனால்தான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. பேட்டரிக்கடைக்காரரைக் காலையிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். போல்ட்டை அவர் நன்றாகத்தான் முடுக்கியிருந்தார்.

எழுதுகிறவர் முடித்துவிட்டாரா? கொடுங்கள், பார்க்கிறேன். 'குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்' என்று போட்டிருக்கிறார். சரி, இருக்கட்டும். அதற்கு மேலே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது பாருங்கள். அந்தக் காரில் கோளாறு கம்ப்யூட்டரில்தான், அதை நான் முதல் நாளே சொன்னேன் என்று அங்கே சேர்த்துவிடுங்கள். கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.