கழட்டாத கேமரா

இல்ல தங்கச்சி, உக்காருங்க. இந்த மழையில றக்வான பஸ் வராது. அட்ட கடிச்ச எடத்தக் காட்டுங்க, உப்பு வைக்கிறேன். இதுல என்ன கூச்சம்? நீங்களும் தோட்டத்துப் புள்ளதானே.

அப்ப கெம்பஸ்ல இதயும் ஒரு படிப்பா வச்சிருக்காங்க! ரெண்டு காட்டுக்கு நடுவுல தேயிலையும் நாங்க குடியிருக்க லயமும் கெடந்தா மிருகமெல்லாம் எந்த வழியா தாண்டிப் போகுதுன்னு. நாங்க தெனம் மலையேறி எறங்குறத எந்தப் படிப்புக்காரரும் வந்து பாத்ததில்ல. சும்மா சொன்னேன், கோவிச்சுக்காதீங்க. சாயத்தண்ணி ஆறுது, குடிங்க.

அவரா? யட்டியாந்தோட்டைக்குப் போயிருக்காரு, எங்க நாத்துனா வூட்டுக்கு. ஆமா, ரொபர்ட்டு, எங்க வீட்டுக்காரருதான். போன மாசம் மிருகம் போறத தானாப் படம் புடிக்கிற கேமராவ மேல காட்டுல கட்ட ஒங்களுக்கு வழி காட்டிவிட்டாரே, அவரேதான்.

கேமரா மரத்துலதான் இருந்துச்சா? யாரும் தொடலயா? இல்ல, சும்மாதான் கேட்டேன். உள்ள இருக்க படமெல்லாம் இன்னும் பாக்கலயா நீங்க?

பையில அது என்ன, கம்பியா? எங்க கெடந்துச்சு? கேமராவுக்கு இந்தப் பக்கமா? அறுந்தா கெடந்துச்சு? மஞ்சமஞ்சயா முடி ஒட்டியிருக்கே. ஏசுவே. தூர வைங்க அத.

பன்னிக்கு வச்ச சுருக்கு தங்கச்சி. ஒரு மரவள்ளிக் கெழங்கு மிஞ்ச விடல அதுக, நாங்க என்னத்தச் செய்ய? முந்தாநாளு அதுல சிறுத்த மாட்டிக்கிச்சு. உசுரோட. அது கத்துன கத்து லயம் வரைக்கும் கேட்டுச்சு. வனஜீவிக்காரங்களுக்குத் தெரிஞ்சா ஜெயிலுதான்னு இவரு நடுங்கிட்டாரு. சுருக்கு வச்சப்ப ஒங்க கேமரா அவரப் படம் புடிச்சிருக்குமோன்னு ஒரே யோசன. அதக் கழட்டிட்டு வந்துர்றேன்னு நேத்து விடியக்காலயில மேல போனாரு. போவாதீங்கன்னு நான் எவ்வளவு சொன்னேன்.

எனக்கு நாத்துனாவே கெடையாது தங்கச்சி. கேக்குறவங்களுக்கெல்லாம் அப்டித்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். உண்மையச் சொல்லி யாரத் தேடப் போகச் சொல்றது? சொன்னா அவரு மாட்டிக்குவாரு. பயமா இருக்கு. நேத்து மத்தியானத்துலருந்து மேல சிறுத்த கத்துற சத்தமும் இல்ல.

படத்தப் போடுங்க. அவரு வந்தது கட்டாயம் இருக்கும். கேமராவக் கழட்டாம அதத் தாண்டி ஓடியிருந்தாருன்னா, அவருக்குப் பின்னால என்ன வந்துச்சுன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.