மேஜை மேல் பன்றித்தொடை

ஹலோ... அப்பா, நான் யாஸ்னா. மொதல்ல அந்த டிராக்டர நிறுத்துங்க... நிறுத்தியாச்சா? சரி. நேத்து எங்க போயிருந்தீங்க?... பொய் சொல்லாதீங்கப்பா. பெல்கிரேட் வந்திருக்கீங்க. அம்மா பூத்தையல் போட்ட துணியில சுத்தி, புகை போட்ட முழு பன்னித்தொடை ஒண்ணு மியூசியத்துல டைரக்டரம்மா மேஜை மேல கெடக்கு. பக்கத்துல ரெண்டு பாட்டில் பிளம் சாராயம். தேர்வுக் குழு அஞ்சு பேரும் அதச் சுத்தி உக்காந்திருக்காங்க...

ஆமா... ஆமா, இன்னைக்குத்தான் முடிவு. நான் வெளிய வராந்தால நிக்கறேன்...

வாட்ச்மேன்கிட்ட என்ன சொல்லிக் குடுத்தீங்க?... "நான் யாஸ்னாவோட அப்பா, மீதிய டைரக்டரம்மாகிட்ட போன்ல பேசிக்கறேன்." நல்லா இருக்கு. லஞ்சம் குடுத்துட்டுப் பேரையும் சொல்லிட்டு வந்த ஆளு நீங்க ஒருத்தராத்தான் இருக்கும்...

எல்லாரும் குடுக்கறதுதானா? பத்திரம் பதியக் குடுங்க, ஆஸ்பத்திரியில கட்டிலுக்குக் குடுங்க. எனக்காகக் குடுக்கச் சொல்லி நான் கேட்டனா? நாப்பத்திமூணு பேர்ல மொதல் மார்க் நான். கைப்பிடி போன ஜாடி ஒண்ணக் குடுத்து எந்தக் காலத்துதுன்னு கேட்டாங்க, சரியாச் சொன்னது நான் மட்டுந்தான். எட்டு வருஷம்ப்பா. வெயில்ல அகழாய்வுக் குழிக்குள்ள மண்டி போட்டு, சம்பளமில்லாம பெட்டி பெட்டியா சீட்டு ஒட்டி... இந்தக் காப்பாட்சியர் வேலைக்காகத்தான். எல்லாத்தையும் ஒரு பன்னிக்கால்ல முடிச்சிட்டீங்க...

கத்தாம எப்படிப் பேசறது? லஞ்சம் குடுத்து உள்ள வரப் பாத்தவள்னு என் பேரை அடிக்கப் போறாங்க...

என்ன?... திரும்பச் சொல்லுங்க... வேலைக்காகக் குடுக்கலையா? அப்ப எதுக்கு?

ம்...

ம்...

என்னை எடுக்க வேணாம்னு சொல்றதுக்கா?

இருங்க. இருங்கப்பா... வியன்னாவா? ராதோவன் சித்தப்பாவோட பல் ஆஸ்பத்திரியில, வர்றவங்க பேர எழுதவா?... டிக்கெட்டே எடுத்துட்டீங்களா, என் பேர்ல?... எப்ப?... போன வாரமேவா. அப்ப நான் இங்க பரிட்சை எழுதிட்டிருந்தேன். இங்க கெடைக்கலன்னா பேசாம பஸ் ஏறிடுவேன்னு நெனச்சிட்டீங்க...

உடைஞ்ச சட்டிக்குக் காவல்னு ஊர் சிரிக்குதா? சிரிக்கட்டும். ஊரப் பத்தி எனக்கென்ன? நான் தோக்கணும்னு நீங்க ஆசப்பட்டிருக்கீங்களேப்பா...

அழல. கோவம்...

கேளுங்க. இந்தப் போனை டைரக்டரம்மாகிட்ட குடுக்கறேன். இப்ப எங்கிட்ட சொன்னத ஒரு வார்த்தை விடாம அவங்ககிட்ட சொல்லுங்க. டிக்கெட்டையும் படம் எடுத்து அனுப்புங்க, தேதி தெரியற மாதிரி... அசிங்கமா இருக்கா? ஆமா, அசிங்கந்தான். உங்களுக்கும் அசிங்கம், எனக்கும் அசிங்கம். ஆனா அத நீங்க வாயத் தொறந்து சொன்னாத்தான் நான் லஞ்சம் குடுக்கலன்னு அவங்க நம்புவாங்க... முடியாதுன்னு சொல்லாதீங்க. இதோ, குடுக்கறேன்...

...

...

ஹலோ... நான்தான்... டிக்கெட் வந்துச்சு. அஞ்சு பேரும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. டைரக்டரம்மா ரொம்ப நேரம் கண்ணாடியத் தொடச்சிட்டே இருந்தாங்க. என் முகத்தப் பாக்கவே இல்ல. அப்புறம் கையெழுத்துப் போட்டாங்க... ஆமா, எடுத்துட்டாங்க. திங்கக்கிழமை சேரணும்...

அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன்...

இல்ல, ஞாயித்துக்கிழமை வரல...

என்னது, வாழ்த்தா?... வேணாம்ப்பா. இன்னைக்கு உங்க வாயால அதச் சொல்லாதீங்க. வைக்கறேன்.